வாசல் குழாயின் கைப்பிடி ஆடுகிறதா? கழற்றிச் சரிசெய்யும் முழு முறை

வீட்டில் இருக்கிற எல்லாக் குழாய்களிலும் முதலில் கைப்பிடி ஆட ஆரம்பிப்பது வாசலிலோ தோட்டத்திலோ இருக்கும் குழாய்தான். வெயில், மழை, போர் தண்ணீரின் உப்பு எல்லாம் அதன் தலையில் விழுகிறது. வாளியைத் தூக்கி வருகிற அவசரத்தில் ஆளாளுக்கு அதை முறுக்கி மூடுகிறார்கள். சரிசெய்வது கடினமில்லை, பொருள் எல்லாம் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும்.

ஆனால் முதல்முறை கை வைக்கிற பலரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எதை முடுக்குவது, எதைத் தொடக்கூடாது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். என் அக்கா மகன் கைப்பிடி ஆடுகிறது என்று குழாயை முழுசாகப் பிடித்து ஒரு திருகு திருகினான், சுவருக்குள் இருந்த எல்போ (பைப்பை வளைத்து இணைக்கும் துண்டு) விரிசல் விட்டது, அப்புறம் டைல்ஸை உடைத்து இரண்டு நாள் வேலை. அதனால் கீழே எழுதியிருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். சாதாரண அரை இஞ்ச் பித்தளைக் குழாயை, அதாவது மேலே பல தடவை சுற்றித் திறக்கிற வகையை, மனதில் வைத்து எழுதுகிறேன். கால் சுற்றுக் குழாய்க்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் கடைசிக்கு முன்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. ஆடுவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இடது கையால் குழாயின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை மட்டும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். திருகாதீர்கள், ஆட்டுங்கள்.

கைப்பிடி மட்டும் தொளதொளவென்று ஆடி, உள்ளே இருக்கும் தண்டு அசையாமல் இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இதுதான் பெரும்பாலும். கைப்பிடி சுற்றுகிறது, தண்ணீர் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால், தண்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே இருக்கும் பல் தேய்ந்து வழுக்குகிறது. தண்டை பிளம்பர்கள் ஸ்பிண்டில் என்பார்கள், கடையிலும் அப்படிக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கைப்பிடியோடு ஸ்பிண்டிலும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடி, அதன் கழுத்தில் தண்ணீர் கசிந்தால் கிளாண்ட் நட், அதாவது ஸ்பிண்டிலின் கழுத்தைச் சுற்றி இருக்கும் சின்ன நட், தளர்ந்திருக்கிறது. குழாய் முழுவதுமே சுவரோடு ஆடினால் அது கைப்பிடி விஷயமே இல்லை. உள்ளே பைப்போ எல்போவோ பிடிப்பு விட்டிருக்கும், அதைத் திருகி இறுக்கப் பார்க்காதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். கைப்பிடியைத் திறக்கும்போது, அதற்குக் கீழே குழாயின் உடம்பில் திருகியிருக்கும் பெரிய ஆறுமூலைத் தலையும் கூடவே சுற்றுகிறதா? சுற்றினால் அப்படியே நிறுத்திவிட்டுத் தண்ணீரை அடையுங்கள். இன்னும் இரண்டு சுற்று திறந்தால் தலை மொத்தமாகக் கழன்று தண்ணீர் பீறிட்டுவிடும், கையால் அமுக்கிப் பிடித்து மறுபடி மாட்டவே முடியாது.

2. ஆரம்பிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவதுதான் இந்த வேலையை அரை நாள் ஆக்குகிறது. இவை இருந்தால் பெரும்பாலும் போதும்: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், தட்டை ஸ்க்ரூடிரைவர், இரண்டு ஸ்பேனர் (இரண்டுமே வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனராக இருந்தாலும் சரி), ஒரு கட்டிங் பிளேயர், டெஃப்ளான் டேப், அரை இஞ்ச் குழாய் வாஷர் இரண்டு, பழைய டூத் பிரஷ், கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சம்பழம், துணி.

துரு தளர்த்தும் ஸ்பிரே, டபிள்யூடி-40 மாதிரி ஏதாவது இருந்தால் நல்லது. இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசினாகி அழுக்கைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை.

ஸ்பேனர் இரண்டு எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்று நட்டைத் திருக, இன்னொன்று குழாயின் உடம்பை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்த. பிடிக்காமல் நட்டைத் திருகினால் அந்த விசை நேராகச் சுவருக்குள் இருக்கும் பிவிசி இணைப்புக்குப் போகும். பித்தளை தாங்கும், பிவிசி தாங்காது. மேலே சொன்ன வீட்டில் நடந்தது அதுதான்.

மாற்று ஸ்க்ரூவை முன்கூட்டியே வாங்க வேண்டாம். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டித்தான் வாங்க வேண்டும், மரை ஒவ்வொன்றுக்கும் மாறும்.

3. தண்ணீரை அடைத்து, அடைந்ததா என்று பாருங்கள்

கைப்பிடி ஸ்க்ரூவை மட்டும் முடுக்கத் தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கைப்பிடியை இழுக்கும்போது கிளாண்டோ தலையோ கூடவே திரும்பிவிட்டால் என்ன செய்வீர்கள்? மாடியில் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரைமட்டத்துக் குழாயில் சதுர செ.மீ.க்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் இருக்கும். வீட்டிலேயே அழுத்தம் அதிகமாக வருவது கீழே இருக்கும் இந்த வாசல் குழாய்க்குத்தான்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் லைன் என்றால் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேட் வால்வை மூடுங்கள். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று வால்வு இருந்தால் எது எந்த லைன் என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, பெயிண்டால் எழுதி வையுங்கள். அடுத்த முறை தேட வேண்டாம். வாசல் குழாய் நேரடியாக ஊர்த் தண்ணீர் லைனில் இருந்தால், வீட்டுக்குள் லைன் நுழையும் இடத்தில் வால்வு இருக்கும். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் வராத நேரமாகப் பார்த்து வேலையை வையுங்கள்.

பல வருடம் தொடாத கேட் வால்வு பாதியில் இறுகி நிற்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே தண்டு முறிந்துவிடும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி மூடுங்கள். முழுசாக மூடாமல் கொஞ்சம் ஒழுகினால், தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, மோட்டார் போடுவதற்கு முந்தைய நேரமாக வேலையை வைத்துக்கொள்வதுதான் வசதி. மோட்டாரை யாரும் போட்டுவிடாதபடி வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூடியபின் வாசல் குழாயைத் திறந்துவிட்டு, கைப்பிடி வழுக்கினால் அதே லைனில் இருக்கும் வேறு குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். லைனில் தேங்கியது வடிய ஐந்து நிமிடம்கூட ஆகும்.

4. மூடியை எடுத்து ஸ்க்ரூவைக் கழற்றுங்கள்

கைப்பிடியின் உச்சியில் சிவப்பு அல்லது நீல நிறத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அது அலங்காரம் மாதிரி தெரிந்தாலும் மூடிதான், ஸ்க்ரூ அதற்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஓரத்தில் கத்தி முனையைக் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். சில வகைகளில் மூடியே மரை வைத்து வரும், அதைத் திருகிக் கழற்ற வேண்டும். மேலே எதுவும் தெரியவில்லையென்றால் கைப்பிடியின் பக்கவாட்டிலோ அடியிலோ சின்ன ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அதற்கு அலென் சாவி (எல் வடிவில் வளைந்த ஆறுமூலைக் கம்பி) வேண்டும், பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ.

மூடியைத் தொலைக்காதீர்கள். மூடி போன குழாயில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஸ்க்ரூ துரு ஏறும். கைப்பிடி ஆட ஆரம்பித்த குழாய்களில் பாதிக்கு மேல் மூடி இல்லாமல் இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் உடனே திருகாதீர்கள். ஸ்பிரே அடித்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். தலையில் இருக்கும் அழுக்கை ஊசியால் சுரண்டி, பள்ளத்தில் சரியாக உட்காரும் அளவு ஸ்க்ரூடிரைவரை வைத்து, நன்றாக அமுக்கிக்கொண்டு திருகுங்கள். அமுக்கும் விசைதான் முக்கியம், திருகும் விசை அப்புறம்தான். சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்து முயன்றால் ஒரே வழுக்கலில் தலை உருண்டையாகிவிடும்.

உருண்டையாகியே விட்டதா? ரப்பர் பேண்டை மடித்துத் தலையில் வைத்து அதன் மேல் ஸ்க்ரூடிரைவரை அமுக்கித் திருகிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஹேக்ஸா பிளேடால் தலையில் குறுக்கே ஒரு கோடு அறுத்துத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம்.

5. கைப்பிடியை நேராக மேலே உருவுங்கள்

ஸ்க்ரூ வந்தபின்னும் கைப்பிடி வராது. உப்புப் படிந்து ஸ்பிண்டிலோடு ஒட்டியிருக்கும். இங்கேதான் எல்லோரும் சுத்தியலைத் தேடுகிறார்கள். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் ஸ்பிண்டில் வளையும், வளைந்தால் அப்புறம் கிளாண்ட் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

உலோகக் கைப்பிடியாக இருந்தால் சூடான தண்ணீரை அதன் மேல் ஊற்றி, ஒரு துணியால் பிடித்து, இடமும் வலமும் துளித்துளியாக ஆட்டிக்கொண்டே மேலே இழுங்கள். நெம்ப வேண்டியிருந்தால் எதிரெதிரே இரண்டு பக்கமும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து ஒரே சமயத்தில் நெம்புங்கள், ஒரு பக்கம் மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் கைப்பிடி வெளுத்துப் பொடியாக உதிர்ந்தால் அது வெயிலில் செத்துவிட்டது, காப்பாற்ற முயல வேண்டாம். உடைத்து எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

6. உப்பை நீக்கிப் பல்லைப் பாருங்கள்

ஸ்பிண்டிலின் நுனியில் நெடுக்காகச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், கைப்பிடியின் ஓட்டைக்குள்ளும் அதற்கு எதிர்ப் பற்கள் இருக்கும். பழைய குழாய்களில் பல்லுக்குப் பதில் நுனி சதுரமாக இருக்கும். வெள்ளையாகப் படிந்த உப்பு அந்தப் பள்ளங்களை நிரப்பியிருந்தால் கைப்பிடி முழுசாக உள்ளே இறங்காது, பாதியில் நிற்கும். ஸ்க்ரூவை எவ்வளவு முடுக்கினாலும் ஆடும் என்பதற்கு இதுதான் காரணம், பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

வினிகரில் நனைத்த துணியை ஸ்பிண்டிலில் பத்து நிமிடம் சுற்றி வைத்து, பிரஷால் தேயுங்கள். கைப்பிடியின் ஓட்டைக்குள் எலுமிச்சைச் சாறு விட்டும் அப்படியே செய்யலாம். பளபளவென்று முலாம் பூசிய கைப்பிடியை வினிகரில் ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள், முலாம் கருத்துவிடும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இப்போது கைப்பிடியை ஸ்க்ரூ இல்லாமல் மாட்டித் திருகிப் பாருங்கள். பல் பிடித்துக்கொண்டால் பழைய கைப்பிடியே போதும். வழுக்கினால் கைப்பிடி மாற்ற வேண்டியதுதான், ஆனால் பொறுங்கள், அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது.

7. கிளாண்ட் நட்

கைப்பிடியை எடுத்ததும் ஸ்பிண்டிலின் கழுத்தைச் சுற்றிச் சின்ன நட் ஒன்று தெரியும், அதற்குக் கீழே பெரிய ஆறுமூலைத் தலை. மேலே இருப்பது கிளாண்ட், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். புதிய வகைகளில் கிளாண்டே இருக்காது, உள்ளே ரப்பர் வளையம்தான் கசிவைத் தடுக்கும். அப்படியென்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

ஸ்பிண்டில் பக்கவாட்டில் ஆடினாலோ கழுத்தில் கசிவு இருந்தாலோ மட்டும், உடம்பை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, கிளாண்டைக் கால் சுற்று இறுக்குங்கள். கைப்பிடியை வைத்துத் திருகிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக இறுக்கினால் ஸ்பிண்டில் கனத்துப் போகும், வீட்டில் இருப்பவர்கள் முரட்டுத்தனமாகத் திருகுவார்கள், ஒரே மாதத்தில் கைப்பிடி மறுபடி ஆடும்.

எவ்வளவு இறுக்கியும் கசிந்தால் உள்ளே இருக்கும் அடைப்பு நூல் மக்கிவிட்டது. கிளாண்டை முழுவதும் கழற்றி, பழையதை ஊசியால் நோண்டி எடுத்து, டெஃப்ளான் டேப்பைக் கயிறு மாதிரி முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றி மூன்று நான்கு சுற்று கொடுத்து, மறுபடி கிளாண்டை இறக்குங்கள். கைப்பிடி மூடும் திசையிலேயே, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நட் இறங்கும்போது டேப் பிரிந்து வெளியே வரும்.

8. கழற்றியதோடு கழற்றியதாக வாஷரையும் மாற்றுங்கள்

இதை நான் விடாமல் சொல்வேன். கைப்பிடி தளர்வதற்கு மூல காரணம் பல வீடுகளில் வாஷர்தான். வாஷர் தேய்ந்ததும் குழாய் சொட்டும், சொட்டை நிறுத்த எல்லோரும் பலம் கொண்ட மட்டும் முறுக்குவார்கள், அந்த முறுக்கெல்லாம் ஸ்க்ரூவிலும் பல்லிலும் போய் விழும். வாஷரை விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் மாற்றினால் புதுக் கைப்பிடியும் அதே வழியில் போகும்.

முதலில் கைப்பிடியைச் சும்மா மாட்டி ஸ்பிண்டிலைப் பாதி திறந்து வையுங்கள். மூடிய நிலையில் தலையைக் கழற்றினால் வாஷர் அடியில் அழுந்திக்கொண்டே இருக்கும், மரையும் கெடும். பிறகு உடம்பை ஒரு ஸ்பேனரால் பிடித்து, பெரிய தலையை இன்னொரு ஸ்பேனரால் இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். தலையின் அடியில் வாஷர் இருக்கும். சில குழாய்களில் அது தனித் தண்டோடு உள்ளேயே தங்கிவிடும், பிளேயரால் எடுங்கள்.

வாஷர் உட்காரும் பித்தளை வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். பள்ளமோ வெட்டோ தட்டுப்பட்டால் புது வாஷரும் சீக்கிரம் கிழியும், அந்தக் குழாயை மாற்றுவதுதான் கணக்கு. நன்றாக இருந்தால் புது வாஷரைப் போட்டு, தலையைக் கையாலேயே மரை பிடிக்கும்வரை திருகி, அப்புறம் ஸ்பேனரால் இறுக்குங்கள். இறுக்கும்போதும் ஸ்பிண்டில் பாதி திறந்தே இருக்கட்டும்.

9. கைப்பிடியை உட்கார வைத்தல்

பல் நன்றாக இருந்தால் ஸ்க்ரூவை மட்டும் மாற்றினால் போதும். இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். ஈரத்தில் பித்தளையோடு ஒட்டி இருக்கும் இரும்பு, தனியாக இருப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பழைய ஸ்க்ரூவைக் காட்டி அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்க்ரூ கேளுங்கள், கூடவே ஒரு சின்ன ஸ்பிரிங் வாஷர். தலைக்கடியில் ஸ்பிரிங் வாஷர் இருந்தால் அடிக்கடி திருகும் அதிர்வில் ஸ்க்ரூ சீக்கிரம் தளராது.

பல் கொஞ்சம் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்பிண்டில் நுனியில் டெஃப்ளான் டேப்பை இழுத்து இரண்டு மூன்று சுற்று சுற்றி, அதன் மேல் கைப்பிடியை அழுத்தி இறக்குங்கள். சில மாதம் தாக்குப் பிடிக்கும், நிரந்தரம் இல்லை. பல் வழுக்கத் தொடங்கிய கைப்பிடி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்க்ரூவையும் சேர்த்து இடப்பக்கம் இழுத்துத் தளர்த்திவிடும். வெறும் ஸ்க்ரூவை முடுக்கினால் நான்கு நாளில் பழைய கதைக்கே வருவது அதனால்தான்.

முழுசாகத் தேய்ந்திருந்தால் புதுக் கைப்பிடி. பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், முடிந்தால் கழற்றிய தலையையும் சேர்த்து. பற்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் மாட்டினால் இறங்காது, அல்லது இறங்கி வழுக்கும். கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிண்டில் பக்கமே பல் மழுங்கியிருந்தால் கைப்பிடி மாற்றிப் பயனில்லை, தலையை முழுசாக மாற்ற வேண்டும்.

பசை ஊற்றி ஒட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இன்றைக்கு அசையாமல் நிற்கும். அடுத்த வாஷர் மாற்ற வேண்டிய நாளில் கைப்பிடியை உடைக்காமல் எடுக்க முடியாது. கம்பி போட்டுக் கட்டுவதும் வேண்டாம், கம்பி முனை குழந்தைகள் கையைக் கிழிக்கும்.

ஸ்க்ரூவை முடுக்கும் அளவு: கையால் இறுகும்வரை, அப்புறம் கால் சுற்று. அதற்கு மேல் போனால் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் மரை போய்விடும். முடுக்கியபின் குழாயை முழுசாக மூடிப் பார்த்து, கைப்பிடியின் அடிப்பகுதி கிளாண்டில் போய் இடிக்கிறதா என்று கவனியுங்கள். இடித்தால் வாஷர் உட்காருவதற்கு முன்பே கைப்பிடி நின்றுவிடும், குழாய் சொட்டும். அப்போது கைப்பிடி அந்தக் குழாய்க்கு உரியதில்லை என்று அர்த்தம்.

10. கால் சுற்றுக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும்

கால் சுற்றுக் குழாயில் வாஷர் கிடையாது, உள்ளே இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து தண்ணீரை விடும். கைப்பிடி கழற்றுவது அதே முறைதான். ஆனால் திரும்ப மாட்டும்போது திசை பார்க்க வேண்டும். முதலில் ஸ்பிண்டிலை மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் நீளமான கைப்பிடியை, திறக்கும்போது சுவரில் இடிக்காத பக்கமாக வைத்து மாட்டுங்கள். தட்டுகளுக்குள் மணல் புகுந்து கனமாகியிருந்தால் பிரித்துப் பார்க்காமல் உள் பாகத்தை அப்படியே மாற்றுங்கள், பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் கிடைக்கும்.

பிளாஸ்டிக் குழாயில் கைப்பிடி உடைந்தால் பெரும்பாலும் தனியாகக் கைப்பிடி கிடைக்காது. குழாயையே மாற்றிவிடுங்கள், விலையும் கம்மிதான். வெளியே பித்தளைக் குழாய் வைத்தால் திருட்டுப் போகிறது என்று பிளாஸ்டிக் வைக்கிற வீடுகள் நிறைய. அப்படியென்றால் வெயில் நேராக விழாதபடி மேலே ஒரு சின்ன மறைப்பாவது வையுங்கள். பிளாஸ்டிக்கைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும், ஸ்பேனர் போட்டால் மரை பிளந்துவிடும்.

11. தண்ணீரைத் திறக்கும் முறை

வாசல் குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, கேட் வால்வை மெதுவாகத் திறங்கள். லைனில் அடைபட்ட காற்று புஸ் புஸ் என்று வெளியேறும், கூடவே துரும்பும் உப்புத் துகளும் வரும். குழாய் மூடியிருந்தால் அவை வாஷருக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் சீராக வந்தபின் மூடுங்கள், அதுவும் இரண்டு விரலால். புது வாஷருக்கு அந்த விசை போதும்.

ஸ்பிண்டிலின் கழுத்திலும் பெரிய தலையின் ஓரத்திலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் ஈரமாகத் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் பேப்பர் காய்ந்திருந்தால் மேல் மூடியை அமுக்கி மாட்டிவிடுங்கள். ஈரமாக இருந்தால் எந்த இடத்தில் ஈரம் என்று பாருங்கள்: கழுத்தில் என்றால் கிளாண்ட் இன்னும் கொஞ்சம், தலை ஓரத்தில் என்றால் தண்ணீரை மறுபடி அடைத்துத் தலையைக் கழற்றி மரையில் டெஃப்ளான் டேப் சுற்றி மாட்டுங்கள்.

ஒரு வாரம் கழித்து மூடியை ஒருமுறை திறந்து ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள். புது ஸ்க்ரூ முதல் வாரத்தில் கொஞ்சம் இறங்கி இடம் பிடிக்கும், அப்போது ஒரு துளி முடுக்கினால் போதும்.